சோறு போட பாஸ்போர்ட் வேண்டுமா?

சூடான், காஸா படங்களைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுக்குப் போய்ப் பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் தொண்டில் சேர வேண்டும், வழி சொல்லுங்கள்" என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை மேசையில் பாதி இடத்தைப் பிடித்துவிட்டன. அதனால் சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

கே: இன்ஜினியரிங் முடித்துவிட்டேன். வேலையில் சேர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் ஆப்பிரிக்கா போய், பசியில் இருக்கும் குழந்தைகளுக்கு என் கையால் சாப்பாடு பரிமாற ஆசை. எப்படிப் போவது? (மதுரை)

ப: ஆசை நல்ல ஆசைதான் தம்பி. ஆனால் பரிமாற ஆள் இல்லை என்பதற்காக அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. மலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் மீன் பண்ணை வைத்திருந்த மேக்னஸ் மேக்ஃபார்லேன் பாரோ என்பவர் 2002-இல் அந்த நாட்டுக்குப் போனபோது, எய்ட்ஸில் சாகக் கிடந்த ஒரு தாயின் 14 வயது மகனிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், என்றைக்காவது ஒரு நாள் பள்ளிக்கூடம் போக வேண்டும், அவ்வளவுதான் என்றிருக்கிறான் பையன். அதிலிருந்து பிறந்ததுதான் 'மேரீஸ் மீல்ஸ்' அமைப்பு. பள்ளிக்கு வந்தால் சாப்பாடு என்ற நம் சத்துணவுக் கணக்கேதான். 200 பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேல். மலாவியில் மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டும்.

அங்கே சமைப்பது யார் தெரியுமா? அந்தந்த ஊர் அம்மாக்களும் பாட்டிகளும். முறை வைத்து வருகிறார்கள், சம்பளம் கிடையாது. விடியும் முன்பே விறகடுப்பை மூட்டி, ஆளுயரத் துடுப்பால் அண்டாவில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடித்துவிடும். மக்காச்சோளமும் சோயாவும் சேர்த்து அரைத்த மாவு, சர்க்கரை, அதில் வைட்டமின் சேர்த்திருப்பார்கள். 'லிகுனி ஃபாலா' என்று பெயர். கலர் கலரான பிளாஸ்டிக் குவளையோடு பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஆளுக்கு ஒரு குவளை ஊற்றுவார்கள். அந்த வேலையை அந்த அம்மாக்களைவிட நீங்கள் நன்றாகச் செய்துவிடப் போவதில்லை. அவர்கள் பேசுவது சிச்சேவா, உங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. உங்களுக்கு மலேரியா மாத்திரை, தங்க இடம், கொசுவலை, துணைக்கு ஒருவர் என்று ஏற்பாடு செய்யும் வேலை வேறு அவர்கள் தலையில் விழும்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் முழுக்கக் கஞ்சி ஊற்ற இந்த அமைப்புக்கு ஆகும் செலவு 20 பவுண்டை ஒட்டி, நம் காசில் இரண்டாயிரத்துச் சொச்சம். சென்னையிலிருந்து மலாவி போய்வர டிக்கெட், விசா, தடுப்பூசி எல்லாம் சேர்த்து முக்கால் லட்சம், ஒரு லட்சம் என்று போய்விடும். அதாவது முப்பது நாற்பது பிள்ளைகளின் ஒரு வருடச் சாப்பாடு. ஊர் பார்க்கத்தான் போகிறேன் என்றால் தாராளமாகப் போங்கள், நல்ல நாடு, ஏரி அழகாக இருக்கும். அதைத் தொண்டுக் கணக்கில் எழுத வேண்டாம்.

வெளியாட்கள் நேரில் போய் உருப்படியாகச் செய்த இடங்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் லட்சக்கணக்கான மக்கள் போலந்து எல்லையைத் தாண்டி வந்தபோது, 'வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்' அமைப்பு பிஷெமிஷில் நகரில் ஒரு பெரிய சமையற்கூடம் போட்டது. அங்கே பல நாட்டுக்காரர்கள் முன்பதிவு செய்து வந்து காய் நறுக்கினார்கள், ரொட்டியில் வெண்ணெய் தடவினார்கள், பொட்டலம் கட்டினார்கள். அது பாதுகாப்பான நாடு, ரயில் வசதி இருந்தது, ஒரே நேரத்தில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்ததால் கை ஆள் நிஜமாகவே தேவைப்பட்டது. இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். அதே அமைப்பின் ஏழு பேர் 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் டெய்ர் அல்-பலா கிடங்கில் உணவு இறக்கிவிட்டுத் திரும்பும்போது இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். வண்டிக் கூரையில் அமைப்பின் சின்னம் இருந்தது, ராணுவத்துக்கு முன்கூட்டியே தகவலும் சொல்லியிருந்தார்கள். போர் நடக்கும் இடம் முதல்முறை தொண்டு பழகுகிற இடமில்லை.

கே: எங்கள் குடியிருப்பில் சூடான் மக்களுக்காக ஐந்து மூட்டை அரிசி, துவரம்பருப்பு, பால் பவுடர் டின்கள், பழைய துணிகள் சேர்த்து வைத்திருக்கிறோம். எப்படி அனுப்புவது? (திருப்பூர்)

ப: அனுப்பாதீர்கள் அம்மா. மனசு கஷ்டப்படும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஐந்து மூட்டை அரிசியைக் கப்பலேற்றி, போர்ட் சூடான் துறைமுகத்தில் இறக்கி, சுங்கம் முடித்து, ஒன்றோடொன்று போரிடும் அரசு ராணுவம், துணை ராணுவம் இரண்டிடமும் அனுமதி வாங்கி, லாரியில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே கொண்டுபோக ஆகும் செலவு, அரிசி விலையைப் போலப் பல மடங்கு. போர் தொடங்கிய 2023 ஏப்ரல் 15 முதல், பெரிய பெரிய ஐ.நா. லாரிகளே வாரக்கணக்கில் வழியில் நின்றிருக்கின்றன.

பால் பவுடர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதை அனுப்பக்கூடாது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் தொண்டை வறளக் கத்துகிறார்கள், ஆனாலும் எல்லாப் பேரிடரிலும் முதலில் வந்து குவிவது இதுதான். கலக்க நல்ல தண்ணீர் இருக்காது, பாட்டிலைக் கொதிக்க வைக்க விறகு இருக்காது, டின் தீர்ந்த பிறகு தாய்ப்பாலும் வற்றிப்போயிருக்கும். 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்துக்குப் பிறகு ஆராய்ந்து பார்த்ததில், நன்கொடையாக வந்த பால் மாவைப் பெற்ற குழந்தைகளுக்கு, பெறாத குழந்தைகளைவிட இரு மடங்கு வயிற்றுப்போக்கு இருந்தது. நல்லது நினைத்துத்தான் கொடுத்தார்கள், அவ்வளவு பேரும்.

சரி, சூடானில் யார் சோறு போடுகிறார்கள்? பெரும்பாலும் அந்தந்தத் தெரு இளைஞர்களும் பெண்களும்தான். 'அவசர உதவி அறைகள்' என்று பேட்டைக்குப் பேட்டை குழு வைத்திருக்கிறார்கள், அவர்கள் நடத்தும் பொதுச் சமையலுக்கு 'தக்காயா' என்று பெயர். ஒரு பழைய பள்ளிக்கூடமோ மசூதி வாசலோ, கரி அடுப்பு, நாலு அண்டா. அதில் மொச்சை மாதிரியான 'ஃபூல்', பருப்பு, சோள மாவில் கிண்டும் 'அசீதா' (நம் களியேதான், பக்கத்தில் ஊற்றும் குழம்பு மட்டும் வேறு). வீட்டுக்கு ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்து வாங்கிப் போவார்கள். இதற்குப் பணம் வருவது எப்படி என்றால், சவூதியிலும் லண்டனிலும் இருக்கும் உறவுக்காரர்கள் 'பேங்கக்' என்ற கைபேசிச் செயலி வழியாக அனுப்புவது ஒரு பகுதி. 2024 பிப்ரவரியில் நாடு முழுக்க நெட்வொர்க் துண்டானபோது உள்ளூர்ச் சந்தையில் தானியம் இருந்தும் பல அடுப்புகள் அணைந்தன, ஏனென்றால் வாங்கப் பணம் வரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தக்காயாக்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டு இந்தக் குழுக்களுக்கு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. விருதோடு அண்டாவும் நிறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சூடானின் மேற்கே எல் ஃபாஷர் நகரம் ஐந்நூறு நாளுக்கு மேல் துணை ராணுவத்தின் முற்றுகையில் இருந்து, 2025 அக்டோபரில் அவர்கள் கையில் விழுந்தது. முற்றுகை நாட்களில் அங்கே ஜனங்கள் சாப்பிட்டது 'அம்பாஸ்'. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கடலைப் புண்ணாக்கு. நம் வீட்டு மாட்டுத் தொட்டியில் ஊறப்போடுவது. கடைசியில் அதுவும் கிடைக்காமல் போனது.

ஆகவே சேர்த்த அரிசி பருப்பை உங்கள் ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கோ அன்னதானத்துக்கோ கொடுத்துவிட்டு, அதன் விலைக்கு ஈடான பணத்தைக் குடியிருப்புக்காரர்களிடம் வசூல் செய்து, சூடான் குழுக்களுக்கு நிதி சேர்த்து அனுப்பும் நம்பகமான சர்வதேச அமைப்பு ஒன்றுக்கு அனுப்புங்கள். துணியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய துணியை யாருக்கும் அனுப்பாதீர்கள், உள்நாட்டில்கூட.

கே: நம்ம ஊரிலேயே பசித்தவர்கள் இருக்கும்போது வெளிநாட்டுக்காரனுக்கு எதற்கு உதவ வேண்டும்? (விழுப்புரம்)

ப: இரண்டையும் செய்யலாம், ஒன்று செய்தால் மற்றது செய்யக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. இன்னொன்று, இங்கே ரேஷன் கடை இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, கிடைக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம். சூடானில் மனுவை யாரிடம் கொடுப்பது? 2022-இல் இலங்கை நொடித்துப்போனபோது தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் அனுப்ப முடிவு செய்து, மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. அதனால் இங்கே யாருக்கும் சோறு குறைந்ததாக நினைவில்லை. (பால் பவுடர் வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டு இதென்ன என்று கேட்பீர்கள். இது ஓர் அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்துக்கு அனுப்பியது. வீட்டில் தினமும் பால் மாவில் தேநீர் போடுகிற நாடு அது. கைக்குழந்தை பாட்டில் கதை வேறு.)

கே: குழந்தைகள் வார்டில் ஆறு வருடம் வேலை பார்த்த நர்ஸ் நான். ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகள் இருக்கும் நாடுகளில் என்னால் பயன் உண்டா? (நாகர்கோவில்)

ப: இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே "உடனே கிளம்புங்கள் சகோதரி" என்று நான் சொல்லக்கூடியது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் இடது மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, ஒரு கலர் பட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றளவு 125 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை. 115-க்கும் 125-க்கும் இடையே மஞ்சள். 115-க்குக் கீழே சிவப்பு, அதாவது உயிருக்கே ஆபத்தான நிலை. 115 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று வீட்டில் நூலைச் சுற்றிப் பாருங்கள்: நம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்தால் அடங்கிவிடும் கை. இந்தப் பட்டையைச் சுற்ற அங்கே தாய்மார்களுக்கே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், அதற்கு நர்ஸ் வேண்டியதில்லை.

சிவப்பு வந்த பிள்ளைக்கு முதலில் ஒரு பரிசோதனை. கடலைப் பசை பாக்கெட் ஒன்றின் மூலையைக் கிழித்து, அம்மா கையாலேயே கொஞ்சம் பிதுக்கி ஊட்டச் சொல்வார்கள். நக்கிச் சாப்பிட்டால், காய்ச்சல், வீக்கம், வேறு சிக்கல் இல்லையென்றால், வாரத்துக்கான பாக்கெட்டுகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 1996-இல் பிரான்ஸில் உருவாக்கிய 'பிளம்பி நட்' வகை உணவு இது: வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்பு. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். இது வருவதற்கு முன்பு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், தாயும் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு அங்கேயே கிடப்பாள்.

சாப்பிட மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைதான் உங்கள் பிள்ளை. அதை வார்டில் சேர்க்க வேண்டும். அங்கே செய்யக்கூடாத முதல் காரியம், பாவம் பசியோடு இருக்கிறதே என்று வயிறு நிறைய ஊட்டுவது. நெடுநாள் காய்ந்த உடம்பில் உணவு திடீரென்று ஏறினால் ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு சட்டென்று சரிந்து இதயமே நின்றுபோகலாம். அதனால் 'எஃப்-75' என்ற நீர்த்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்துக் கொடுப்பார்கள். உடம்பு நிலைப்பட்ட பிறகுதான் அதைவிடச் சத்துள்ள பாலோ கடலைப் பசையோ. அந்த இரண்டு மணி ராத்திரிப் பாலைத் தவறவிடாமல் கொடுக்க, குளிர்ந்துபோன பிள்ளையை அம்மாவின் நெஞ்சோடு ஒட்ட வைக்க, எடையைக் கையெழுத்துப் புரியும்படி எழுதி வைக்க, புதிதாக வந்த உள்ளூர் நர்ஸுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது, விண்ணப்பத்தை அங்கிருந்தே தொடங்கலாம். பொதுவாக இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் ஆறு இருக்கிறது. சம்பளம் உண்டு, வளைகுடா சம்பளம் மாதிரி இருக்காது. ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வந்தால் சாட், நைஜர், காங்கோ என்று வாசல்கள் நிறையத் திறக்கும். விண்ணப்பம் போட்ட அன்றே பிரெஞ்சு வகுப்பிலும் சேர்ந்துவிடுங்கள்.

கே: கம்போடியா டூர் பேக்கேஜில் ஒரு நாள் அநாதை இல்லத்தில் உணவு பரிமாறும் நிகழ்ச்சி இருக்கிறது. தலைக்குத் தனிக் கட்டணம். சேரலாமா? (கோயம்புத்தூர்)

ப: வேண்டாம். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் சொல்கிறது. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று சொல்லி கிராமத்திலிருந்து கூட்டி வந்து, வெளிநாட்டு டூரிஸ்டுகளுக்குக் காட்டிக் காசு பார்ப்பது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. உங்களைப் போன்றவர்கள் கட்டுகிற அந்தத் தனிக் கட்டணம்தான் இன்னொரு பிள்ளையை வீட்டிலிருந்து கிளப்பி வருகிறது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைத்தனம் பற்றிய சட்டம் கொண்டுவந்தபோது இதையும் சுரண்டல் என்றே ஏற்றுக்கொண்டது. அங்கோர் வாட் பாருங்கள், தெருவோரக் கடையில் நன்றாகச் சாப்பிட்டுக் காசு கொடுங்கள், அந்தக் கடைக்காரர் பிள்ளைகளும் சாப்பிடும்.

கே: எங்கள் ஐ.டி. கம்பெனியில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உணவு பாக்கெட் போட்டோம். தலையில் வலைத்தொப்பி, மணியடித்துக் கொண்டாட்டம், ஜாலியாக இருந்தது. இதனால் நிஜமான பயன் உண்டா, இல்லை படம் காட்டுவதா? (சிகாகோ)

ப: பாதிக்குப் பாதி. அமெரிக்காவில் 'ஃபீட் மை ஸ்டார்விங் சில்ட்ரன்' 1987 முதலும், 'ரைஸ் அகெய்ன்ஸ்ட் ஹங்கர்' 1998 முதலும் இயங்குகின்றன. புனலுக்குக் கீழே ஒருவர் பையைப் பிடிக்க, வைட்டமின் தூள், காய்ந்த காய்கறி, சோயா, அரிசி என்று வரிசையாகக் கொட்டி, எடை பார்த்து ஒட்டுவது. அந்த பாக்கெட் நிஜமாகவே பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறது, பிள்ளைகள் சாப்பிடவும் செய்கிறார்கள். ஆனால் இதே பாக்கெட்டை இயந்திரம் இன்னும் மலிவாகப் போட்டுவிடும். உங்கள் சனிக்கிழமையின் உண்மையான பயன், கம்பெனி அதற்காகக் கட்டிய நன்கொடைதான்.

உறுத்துகிற இடம் இன்னொன்று. ஹைட்டி ஒரு காலத்தில் தன் அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்துக்கொண்ட நாடு. 1990-களில் இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்க வைத்தார்கள், அமெரிக்க மானிய அரிசி வந்து கொட்டியது, உள்ளூர் விவசாயி படுத்தார். அந்த வரி இறங்கிய காலத்தில் அமெரிக்க அதிபராக இருந்த கிளின்டனே 2010-இல் அமெரிக்க செனட் குழு முன்னால் போய், அது தன் சொந்த மாநிலமான அர்கன்சா விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் தவறு என்று ஒத்துக்கொண்டார். உங்கள் பாக்கெட் அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது, அளவு சின்னது. இருந்தாலும் அடுத்த முறை கமிட்டியில் கேளுங்கள்: அரிசியைப் போகிற நாட்டிலேயே, பக்கத்து மாவட்டத்து விவசாயியிடமே வாங்கலாமே, முடியாதா என்று.

கே: பணம்தான் அனுப்ப வேண்டும் என்றால், ஏமாறாமல் அனுப்புவது எப்படி? வரிச் சலுகை உண்டா? (சேலம்)

ப: வரிச் சலுகை கிடையாது. அது இந்தியாவில் பதிவு பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால் மட்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம், ஆக நமக்கெல்லாம் அது ஒரு தடையே இல்லை. சின்னத் தொகை என்றால் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நடத்தும் 'ஷேர் த மீல்' செயலியில் கார்டு வழியாகக் கொடுக்கலாம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று தடவை மறுத்துவிட்டு வங்கியிலிருந்து எச்சரிக்கை வரும். இங்கிலாந்து அமைப்பு என்றால் அந்த நாட்டு அறநிறுவன ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் வரவுசெலவு முழுக்க வந்துவிடும். அழுகிற குழந்தை வீடியோவுக்குக் கீழே யாரோ ஒருவரின் சொந்த க்யூஆர் கோடு இருந்தால், வீடியோவை மூடிவிடுங்கள்.

கே: நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். என்னைப் போன்ற கிழவனுக்கு இதில் ஏதாவது வேலை உண்டா? (தஞ்சாவூர்)

ப: ஐயா, பட்டினியைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் கரண்டிதான் கண்ணுக்குத் தெரிகிறது, கிடங்கு தெரிவதில்லை. உலக உணவுத் திட்டத்துக்கு 2020-இல் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்களே, அந்த அமைப்பின் முக்கால்வாசித் தலைவலி உங்கள் தலைவலிதான்: மூட்டையைத் தரையில் படாமல் அட்டி போடுவது, பழைய சரக்கை முதலில் வெளியே அனுப்புவது, வண்டு விழாமல் மருந்தடிப்பது, லாரிக்காரர் கணக்கும் கேட் கணக்கும் ஒத்துப்போகிறதா பார்ப்பது.

ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. 18 முதல் 26 வயதுக்காரர்களுக்கு ஒரு பிரிவு, அனுபவசாலிகளுக்குத் தனிப் பிரிவு. 35 வயதைத் தாண்டி, 15 வருட அனுபவம் இருப்பவர்கள் நிபுணர் பிரிவில் வருவார்கள். தங்கிச் சாப்பிட மாதப் படி கொடுப்பார்கள். பயணம் உடம்புக்கு ஒத்துவராது என்றால் வீட்டிலிருந்தே கணினியில் செய்யும் தன்னார்வ வேலைகளும் அதே தளத்தில் வரும். பதிவு இலவசம். ஐ.நா. வேலை வாங்கித் தருகிறேன், விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் அது மோசடி, ஐ.நா. எந்தக் கட்டத்திலும் பணம் வாங்காது. விண்ணப்பத்தைப் பேரனை விட்டு ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள், ஆனால் 'ஸ்டோர் கீப்பர், 34 வருடம்' என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். எத்தனை டன் கொள்ளளவு, குறுவை சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி, எடை குறைவு எத்தனை சதவீதத்துக்குள் வைத்திருந்தீர்கள், வெள்ளம் வந்த வருடம் மூட்டைகளை எப்படி மேட்டுக்கு ஏற்றினீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்க்க வையுங்கள்.